வாளையார் எல்லையில் மூன்று மில் சங்கங்கள்: சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

தமிழ்நாடு - கேரள எல்லையில் உள்ள கஞ்சிக்கோடு, வாளையார், க.க.சாவடி, எட்டிமடை வட்டார நூற்பு மில்களில் புதிதாகச் சேரும் சைடரும் (அறுந்த இழையை ஒட்டுபவர்) டாஃபரும் (நூல் நிறைந்த பாபினைக் கழற்றுபவர்) கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சங்கத்தில் சேரலாம் என்பதுதான். கொடியைப் பார்த்துப் பதில் சொல்பவர்களே அதிகம். சங்கமும் காசு வாங்கிக்கொண்டு செய்யும் ஒரு சேவை. மாதச் சந்தாவுக்கு ஈடாக என்ன செய்து தருகிறது என்பதை வைத்தே இங்கே எடை போட்டிருக்கிறோம். மில் கேட்டில் பெரும்பாலும் மூன்று வகைச் சங்கங்கள் இருக்கும்: பெரிய சங்கம், நடுத்தரச் சங்கம், நிர்வாகத்தோடு ஒட்டி நிற்கும் உள் சங்கம். பெயர் சொல்லவில்லை. ஒரே கொடி ஒரு மில்லில் உயிரோடு இருக்கும், அடுத்த மில்லில் வெறும் போர்டாக இருக்கும். பார்க்க வேண்டியது கிளையைத்தான்.

முதலில் ரசீது. சங்கத்தின் பதிவு எண், ரசீது எண், எந்த மாதச் சந்தா, வாங்கியவர் கையெழுத்து, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலோ, ஆறு மாதச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொண்டு "அப்புறம் தர்றேன்" என்றாலோ விட்டுவிடாதீர்கள். உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது இந்த ரசீதுதான் பேசும். 1958 ஒழுங்கு விதிகளின்படி, முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று மாதச் சந்தா கட்டியவர்தான் உறுப்பினராக எண்ணப்படுவார். கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. கேட்டவுடன் புத்தகத்தை மேசையில் வைக்கும் கிளைக்கு அதற்காகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பெரிய சங்கத்தின் பலம் போனஸ். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்பது சட்டம். கணக்காண்டு மார்ச் 31-இல் முடிந்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் தர வேண்டும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்து மில்லில் ஓணத்துக்கு முன்பும், இந்தப் பக்கத்து மில்லில் தீபாவளிக்கு முன்பும் பணம் கைக்கு வந்தால்தான் அதற்குப் பெயர் போனஸ். தேதியைப் பிடித்து வாங்குவதில் பெரிய சங்கம் கெட்டி. லாப நட்டக் கணக்கைக் கேட்டு வாங்கி, ஒதுக்கக்கூடிய உபரியை (லாபத்தில் போனஸாகப் பகிரக்கூடிய பங்கை)ப் பிரித்துக் காட்டத் தெரிந்த ஆள் அவர்களிடம் இருக்கிறார். குறை என்னவென்றால், தனி ஆளின் பிரச்சினை அங்கே வரிசையில் கிடக்கிறது. விளக்கம் கேட்டு மெமோ வந்து மூன்று நாளில் பதில் தர வேண்டிய நேரத்தில், "செயலாளர் கூட்டத்துக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வாங்க" என்ற பதிலை மெமோ வாங்கியவர்கள் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

நடுத்தரச் சங்கத்தின் சிறப்பு வேலைப்பளு விவகாரத்தில் தெரிகிறது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். மில்லில் உடம்பைத் தின்பது இதுதான். நூல் முறுக்கும் இயந்திரமான ஒரு ரிங் பிரேமில் 1,008 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), பக்கத்துக்கு 504 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு மூன்று இழை அறுந்தால், ஒரு பிரேமில் மணிக்கு ஏறக்குறைய 30 முறை ஒட்ட வேண்டும். மூன்று பிரேம் பார்ப்பவருக்கு 90. பஞ்சுக் கலவையில் குட்டை இழை கூடினாலோ, ஹியூமிடிஃபயர் சரியாக ஓடாமல் ஈரப்பதம் இறங்கினாலோ, நூலை வழிநடத்தும் சிறு உலோக வளையமான டிராவலர் தேய்ந்திருந்தாலோ அதே மூன்று ஐந்தாகும். 90 என்பது 150 ஆகும். அப்போது சைடர் நடப்பதை நிறுத்தி ஓட ஆரம்பிக்கிறார். நிர்வாகம் "முந்தைய ஒப்பந்தத்தில் மூன்று பிரேம்தானே" என்னும். நல்ல கிளைச் செயலாளர் கையில் கடிகாரத்தோடு ஒரு பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் அறுபடுவதை எண்ணுகிறார். அதையே மூன்று ஷிப்டிலும் எண்ணி, நூல் நம்பர் (நூலின் பருமன் அளவு), கலவை, ஈரப்பதம் மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகிறார். அந்தத் தாளுக்கு எதிரே மில் மேலாளர் வெறும் வாயால் பேச முடியாது. பாபினைத் தானே கழற்றும் ஆட்டோ டாஃபிங் இயந்திரம் வந்து டாஃபர் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தாலும் இதே முறை உதவும். இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை எழுத்தில் நினைவூட்டுவதும் இவர்கள்தான்.

வேலைநீக்க வழக்கிலும் இவர்களிடம் கோப்பு சுத்தமாக இருக்கிறது. குற்றச்சாட்டுக் குறிப்பு, பதில், விசாரணை நடவடிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் தொழிலாளியின் கையெழுத்து, குறுக்கு விசாரணைக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் நகல். தற்காலிக நீக்கக் காலத்தில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம் பிழைப்பூதியம், அதன்பின் 75 சதவீதம் என்று கணக்குப் போட்டு வாங்கித் தருகிறார்கள். வழக்குப் போட முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. பழைய தொழிற்தகராறு, தொழிற்சங்கச் சட்டங்களுக்குப் பதிலாக வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அது இரண்டாகிவிட்டது. "பார்த்துக்கலாம்" என்று நாளைக் கடத்தும் சங்கம் இனி உண்மையிலேயே ஆபத்து. நடுத்தரச் சங்கத்தின் பலவீனம் எண்ணிக்கை. வேலைநிறுத்தம் என்றால் தனியாக மில்லை நிறுத்த முடியாது.

உள் சங்கம் முன்பணம் வாங்கித் தரும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணக் கடன் எழுதித் தரும், ஷிப்டு மாற்றித் தரும். இவை நிஜமான உதவிகள்தான். மாதக் கடைசியில் கையில் காசில்லாதவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஒப்பந்தக் காலம் வரும்போதுதான் இதன் விலை புரிகிறது. பழைய தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி 18(1) ஒப்பந்தம், 12(3) ஒப்பந்தம் என்று இன்றும் பேசுகிறோம். முதல் வகை நிர்வாகமும் ஒரு சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்வது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். இரண்டாவது சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது. மில்லில் எல்லோரையும், சங்கமே இல்லாதவரையும் கட்டும். உள் சங்கம் குறைந்த உயர்வுக்கு 18(1)-இல் கையெழுத்துப் போட்டதும், நிர்வாகம் மற்றவர்களிடம் தனித்தனியே ஒப்புதல் கடிதம் நீட்டும்: "கையெழுத்துப் போட்டால் நிலுவை இந்த மாதமே." அதில் கையெழுத்திட்டவருக்குப் பின்னால் வரும் நல்ல ஒப்பந்தத்தில் நிலுவை கேட்பது சிக்கலாகும். அப்படிக் கடிதம் வந்தால் நகல் வாங்காமல், சங்கத்தில் காட்டாமல் பேனாவைத் தொடக் கூடாது.

சந்தா யாருக்கு என்பது இப்போது இன்னும் கனமான கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பின்படி, வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால், பேசும் உரிமை அதற்கு மட்டுமே. யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு. ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி. 400 பேர் உள்ள மில்லில் 51 சதவீதம் என்பது 204. மூன்று சங்கங்களுக்கு 150, 110, 70 பேர் என்றால் முதல் இரண்டும் குழுவுக்குள் வரும். 70 பேர் கொண்ட சங்கம் 17.5 சதவீதத்தோடு வெளியே நிற்கும். இன்னும் பத்தே பேர் சேர்ந்திருந்தால் அதுவும் உள்ளே. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருப்பவர்கள் மில்லின் கணக்கில் வரமாட்டார்கள் என்பது இன்னொரு ஓட்டை. பாதி ஆட்களை ஒப்பந்தத்துக்கு மாற்றிவிட்டால் எண்ணிக்கையே தலைகீழாகும். இதைக் கவனித்து ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்க்கும் சங்கம் குறைவு.

எல்லைக்கே உரிய இரண்டு விஷயங்கள். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ் இல்லை. வேலந்தாவளம் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டு மில்லுக்கு வருபவருக்கு ஆப்சென்ட் விழுகிறது, வருகை ஊக்கத்தொகையும் போகிறது. அன்றைய நாளை விடுப்பாக மாற்ற எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கும் கிளைகளும் உண்டு, தோளைக் குலுக்கும் கிளைகளும் உண்டு. அடுத்தது நிரந்தரம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுக்கானது. வாளையாருக்கு அப்பால் உள்ள மில்லில் அதைக் காட்ட முடியாது. அங்கே நிலையாணையைத்தான் (மில்லின் வேலை நிபந்தனை விதிகளை) பிடிக்க வேண்டும். வசிக்கும் இடம் முக்கியமில்லை, மில் நிற்கும் மாநிலத்தின் சட்டமே செல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் மனு எழுதித் திரும்பி வந்த கதை ஏராளம்.

விடுதியில் தங்கும் பெண்களிடமும் ஒடிசா, பீகார் தொழிலாளரிடமும் மூன்று சங்கமுமே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்தியில் நோட்டீஸ் அடிக்கும் கிளையைக் காண்பது அரிது.

மதிப்பெண்: நடுத்தரச் சங்கம் ஐந்துக்கு நான்கு, பெரிய சங்கம் மூன்று, உள் சங்கம் ஒன்றரை. ரிங் பிரேம், வைண்டிங் பிரிவில் இருப்பவர் நடுத்தரச் சங்கத்தில் சேரலாம், ஆனால் 20 சதவீதத்தை அது தொடுகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு. தொடாத மில்லில் பெரிய சங்கம்தான் வழி. சங்கம் மாறும்போது, சம்பளத்தில் சந்தா பிடிக்கும் பழைய ஒப்புதலை ரத்து செய்யும் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் நேர அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு சங்கத்துக்கும் பிடித்தம் போகும், இரண்டு பட்டியலிலும் பெயர் நிற்கும்.