அன்னாசி டின்னும் செர்ரி டின்னும்: ஆறு வருடப் புழக்கம்

கேக் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் தோழி நேற்று ஒரு படம் அனுப்பினாள். "அக்கா, அன்னாசி டின்னைக் காலி செய்தேன். உள்ளே சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் பூப்பூவாக இருக்கிறது. பழம் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. அது டின்னின் இரும்புத் தகட்டின்மேல் பூசிய வெள்ளீயம் கரைந்த தடம். அன்னாசி மாதிரி வெளிர்நிறப் பழங்களுக்குப் பெரும்பாலும் உள்ளே லாக்கர், அதாவது பழம் உலோகத்தில் படாமல் தடுக்கும் மெல்லிய வார்னிஷ் மாதிரிப் பூச்சு, பூசாத தகர டின்தான் வரும். காற்றில்லாத புளிப்புச் சாற்றில் வெள்ளீயம் மெல்லக் கரைந்து, அடியில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றுகிறது. டின்னுக்குள் மிஞ்சிய கொஞ்சம் ஆக்சிஜனையும் அதுவே தீர்த்துவிடுவதால் பழம் கறுப்பதில்லை. நம் வீட்டு ஈயச்சொம்பும் இதே உலோகம்தான். ஆறு வருடத்தில் 850 கிராம் டின் எத்தனையோ திறந்துவிட்டேன், நிறம் செத்த வளையம் ஒன்றுகூட வந்ததில்லை.

திறந்த பிறகு கதை வேறு. காற்று பட்டதும் கரைவது வேகம் பிடிக்கும், சாற்றில் தகர வாடை ஏறும். மீதியை உடனே கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். டின் உணவில் வெள்ளீயத்துக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம். அளவு மிஞ்சினால் குமட்டும், வயிற்றைக் கலக்கும்.

என் கோபமெல்லாம் செர்ரி டின்மேல்தான். வெறும் தகரம் பட்டால் செர்ரியின் சிவப்பு கெடும் என்று உள்ளே லாக்கர் பூசுகிறார்கள். சரி, தேவைதான். ஆனால் டின் எங்காவது நசுங்கி அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால், புளிப்பு மொத்தமும் அந்த ஒரே புள்ளியில் இறங்குகிறது. அங்கே கரைந்து கொடுக்க வெள்ளீயம் கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் இரும்பையே அரிக்கிறது. அதில் கிளம்பும் ஹைட்ரஜன் மூடியை உப்ப வைக்கும், இல்லையென்றால் ஓட்டை விழும்.

போன வாரம் எனக்கு விழுந்தது ஓட்டை. கீழ்த்தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் முழுக்கச் சிவப்புப் பாகு, அதன்மேல் எறும்புச் சாரை. டின்னைக் கழுவித் தூக்கிப் பார்த்தால், நசுங்கின மடிப்பில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. தேதி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, வெயிலில் வைத்திருப்பீர்கள் என்றார். என் அலமாரிக்கு வெயிலே வராது.

நசுங்கின டின் எடுக்காதே என்று தோழிக்குச் சொல்லிவிட்டேன். மூடி உப்பியிருந்தால் உள்ளே ஹைட்ரஜனா கிருமியா என்று கண்ணால் பிரிக்க முடியாது, அப்படியே குப்பையில் போட வேண்டியதுதான்.

அன்னாசி டின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்த மாதம் தகர டின் எதையும் வாங்கப்போவதில்லை, அன்னாசியையும் சேர்த்துத்தான். அலமாரி மூலையில் பாகு இன்னும் பிசுபிசுக்கிறது.