நேரடி நெல் கொள்முதல் நிலையம்: விலைக்காகப் போகலாம், ஈரப்பதத்துக்கு ஆணையைக் கேளுங்கள்

காவிரி டெல்டாவில் நெல் விற்க, அரசு விவசாயியிடம் நேராக நெல் வாங்கும் இந்த நிலையத்தைவிட நல்ல இடம் இல்லை. 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்: மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை 2,389, மாநில ஊக்கத்தொகை 156. ஆக 40 கிலோ மூட்டைக்கு 1,018 ரூபாய், அதுவும் நேராக வங்கிக் கணக்குக்கு.

குறையெல்லாம் ஈரப்பதத்தில்தான். வரம்பு 17 சதவீதம். குறுவை (குறுகிய காலப் பயிர்) அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்தே வரும் ஊரில் அது கிடைப்பது அரிது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17க்குக் காயவைத்தால் 96.4 கிலோதான் மிஞ்சும். குவிண்டாலுக்கு ஏறக்குறைய 92 ரூபாய் எடையிலேயே போகிறது. காயவைக்கக் களமும் இல்லை என்றால் நெல் முளைக்கும். மாநிலம் தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, அதன்பிறகுதான் வரம்பைத் தளர்த்தும் மத்திய அரசின் கடிதம் வரும். 2022 அக்டோபரில் அப்படித்தான் வரம்பு 19 சதவீதம் ஆனது. அந்தத் தாமதம் கொடுமை.

விலை, ஈரப்பத வரம்பு, கொள்முதல் தேதி இதையெல்லாம் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றாமலே மாற்றலாமா? மாற்றலாம். ஆதார விலைக்கே தனிச் சட்டம் கிடையாது, மத்திய அமைச்சரவை முடிவுதான். சட்டம் இல்லாத இடத்திலும் அரசு செயல்படலாம் என்று 1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொள்முதல் பருவத்தை அக்டோபர் 1இலிருந்து செப்டம்பர் 1க்கு 2022இல் முன்னே கொண்டுவந்ததும் நிர்வாக முடிவே. குறுவைக்காரர்களுக்கு அது பெரிய உதவி. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பதும் வழக்கம்தான், சட்டமல்ல; அதனால்தான் 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28 என்று மாறியது. ஆனால் சட்டமாக இயற்றியதை ஆணையால் நீக்க முடியாது. 2020 வேளாண் சட்டங்களை நீக்க 2021இல் நாடாளுமன்றம்தான் கூட வேண்டியிருந்தது. நெடுநாள் வழக்கத்தைக் காரணமில்லாமல் நிறுத்தினால், நியாயமான எதிர்பார்ப்பு என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

ஆகவே "தளர்வு இல்லை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். கடிதத்தின் தேதி, எந்த மாவட்டத்துக்கு, எந்த நாள் வரை என்று கேளுங்கள். வெயிலில் சூடேறிய நெல்லை உடனே அளந்தால் மீட்டர் தவறாகக் காட்டும். ஆறவிட்டு, குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். சிட்டா, அடங்கல் (நில, சாகுபடிப் பதிவுகள்), ஆதார், வங்கிப் புத்தகம் கையில் இருக்கட்டும்.

சில நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் பணம் வாங்குகிறார்கள். அது எந்த ஆணையிலும் இல்லை. அதை நிறுத்த விவாதமோ அரசாணையோ தேவையில்லை. தேதி, மூட்டை எண்ணிக்கை, கேட்ட தொகை மூன்றையும் எழுதி நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல மேலாளரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.