பெட்டியில் 2200 வாட், மலையில் 1485 வாட்: கேம்பர் ஏ.சி.க்கு ஜெனரேட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

கேம்பர் வண்டியின் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டி) கூரை ஏ.சி.யை ஓட்டுவதற்கென்றே சென்ற கோடையில் நான் வாங்கிய சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், அது உண்மையிலேயே தேவைப்பட்ட முதல் நண்பகலில் கைவிட்டுவிட்டது. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. அந்த இயந்திரத்தால் செய்ய முடியாத ஒரு வேலைக்கு, செய்ய முடியாது என்று தெரிந்த ஒருவரால், அது எனக்கு விற்கப்பட்டது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஏ.சி. 115 வோல்ட்டில் ஓடுவது; குளிரூட்டும் திறன் 13,500 பி.டி.யூ., வீட்டு ஏ.சி. கணக்கில் சொன்னால் ஒரு டன்னுக்குச் சற்று மேல். மாடல் எண்ணைச் சொல்லி, "இதை ஓட்டுமா?" என்று விற்பனையாளரிடம் தெளிவாகக் கேட்டேன். "தாராளமாக ஓட்டும் சார். உங்கள் ஏ.சி. இழுப்பது 1500 வாட், இது 2200 வாட்" என்றார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, காலை ஏழு மணிக்கு, தம் கையாலேயே ஆயிலும் பெட்ரோலும் ஊற்றி ஓட்டியும் காட்டினார். அதற்கு முன் ஜெனரேட்டரின் எக்கோ சுவிட்சை, அதாவது சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் சுவிட்சை, அணைத்தார். வண்டிக்குள் ஏறி பேட்டரி சார்ஜரையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, "சோதனைக்குத்தான் சார்" என்றார். கம்ப்ரஸர் ஒரு முறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் நல்ல குளிர்ந்த காற்று வந்தது. கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தோம். பிற்பகல் வெயில் 35 டிகிரி. வயதான என் அம்மா உடன் இருந்தார். ஏ.சி.யைப் போட்டதும் எஞ்சினின் சத்தம் தொண்டை அடைத்ததுபோல் இறங்கியது. சுவர் பிளக்கில் செருகியிருந்த சிறிய வோல்ட்மீட்டர் 118இலிருந்து எண்பதுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிந்து, மின்சாரம் நின்றுவிட்டது. கம்ப்ரஸரை உடனே மறுபடி கிளப்பக்கூடாது, உள்ளே அழுத்தம் சமனாக மூன்று நிமிடமாவது விட வேண்டும் என்பது தெரிந்திருந்ததால், ஒவ்வொரு முறையும் காத்திருந்து முயன்றேன். நான்காவது முயற்சியில் ஓடியது. இருபது நிமிடத்தில் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தியது. அது மீண்டும் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பவே இல்லை. அன்று மாலை வரை அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பிய பின் மெக்கானிக் கூரை மூடியைக் கழற்றிக் காட்டியபோது, கம்ப்ரஸர் மோட்டார் கிளம்ப உந்துதல் தரும் ஸ்டார்ட் கபாசிட்டரின் தலைப்பகுதி உப்பி, ஓரத்தில் பிசின்போல் கசிந்திருந்தது. குறைந்த வோல்டேஜில் மோட்டார் சுழலாமல் திணறும்போது கபாசிட்டர் தேவைக்கு மேல் நேரம் மின்சுற்றில் நின்று சூடாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார்.

கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தது அதற்குப் பிறகுதான். முதலிலேயே படித்திருக்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த 2200 வாட் என்பது சிறிது நேரம் மட்டும் தரக்கூடிய உச்சத் திறன். தொடர்ந்து தரக்கூடியது 1800 வாட் மட்டுமே. அதுவும் கடல் மட்டத்தில். உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் ஏறத்தாழ 3.5 சதவீத சக்தியை இழக்கிறது. 1500 மீட்டரில் 17.5 சதவீதம் போனால், மிச்சம் 1485 வாட். எங்கள் ஏ.சி.யோ வெயில் ஏற ஏற அதிக மின்சாரம் இழுக்கும். 1500 வாட் என்பது இதமான நாளின் கணக்கு. கிளம்புவது இருக்கட்டும், தொடர்ந்து ஓடுவதற்கே இந்த ஜெனரேட்டர் போதாது.

கிளம்பும் கணக்கு இதைவிட மோசமானது. ஏ.சி.யின் தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஓர் எண் பொறித்திருக்கும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் இழுக்க முயலும் ஆம்பியர் அது. எங்கள் 115 வோல்ட் ஏ.சி.யில் ஓட்ட மின்னோட்டம் 13 ஆம்பியருக்குள், எல்.ஆர்.ஏ. அறுபதுக்கு மேல். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் என்றாலும், அந்த இழுப்பைத் தாங்காத ஜெனரேட்டரில் வோல்டேஜ் சரிந்துவிடும். காலை ஏழு மணிக்குச் சோதனை வெற்றி பெற்றதன் காரணமும் இதுதான்: வெளியே குளிர்ச்சி, குளிரூட்டி வாயுவின் அழுத்தம் குறைவு, வேறு எந்தச் சுமையும் இல்லை, எக்கோ அணைக்கப்பட்டிருந்ததால் எஞ்சின் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கம்ப்ரஸர் நின்று மீண்டும் கிளம்பும் வரை அவர் காத்திருக்கவில்லை. சார்ஜரையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தத் தெரிந்தவருக்கு, சுமை ஜெனரேட்டரின் எல்லைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதும் தெரிந்தே இருந்திருக்கும்.

திருப்பித் தரச் சென்றபோது, பெட்ரோல் ஊற்றிய இயந்திரத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். ஊற்றியது அவர்தான் என்பதை நினைவூட்டினேன். பிறகு ஏ.சி.யில்தான் கோளாறு என்றார். பில்லில் மாடல் பெயரைத் தவிர ஒரு வார்த்தையும் இல்லாததால், மேற்கொண்டு வாதாட என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் உச்சத் திறனைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தொடர் திறன் எத்தனை வாட் என்று மட்டும் கேளுங்கள். வாட்டுக்குப் பதில் கே.வி.ஏ.வில் திறனைச் சொன்னால், அதில் எவ்வளவு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதமான பவர் ஃபேக்டரால் பெருக்கிப் பாருங்கள், 0.8 என்றால் 2.5 கே.வி.ஏ. என்பது 2000 வாட்தான். எரிவாயுவிலும் ஓடும் வகையானால், பெட்ரோலில் கிடைப்பதைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவாகவே கிடைக்கும். சோதனையை நண்பகலில், உங்கள் வண்டியின் நீளமான கேபிள் வழியாகவே, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் ஒரு முறையாவது தானாக நின்று, தானாகக் கிளம்புவதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏ.சி.க்குள் சாஃப்ட் ஸ்டார்ட்டர் (கம்ப்ரஸரை மெதுவாகக் கிளப்பும் கருவி) பொருத்தினால் தொடக்க இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் ஓட்டச் சுமையை அது குறைக்காது. எனவே என் ஜெனரேட்டரை மலையில் அதுவும் காப்பாற்றியிருக்காது. இப்போது அதே மாடலில் பழையது ஒன்று வாங்கி, இரண்டையும் இணை கேபிளால் சேர்த்து, சாஃப்ட் ஸ்டார்ட்டரும் பொருத்தி ஓட்டுகிறேன். ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது. செலவு ஏறத்தாழ இரு மடங்கு. புகைபோக்கி வண்டிக்கு எதிர்ப்புறம் பார்க்க, ஆறு மீட்டருக்கு அப்பால்தான் இரண்டையும் வைக்கிறேன். புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால் படுக்கைக்கு அருகில் அதற்கான அலாரமும் இருக்கிறது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் அதே விற்பனையாளரிடம் போனார். "தொடர் திறன் 1800 வாட், 13,500 பி.டி.யூ. ஏ.சி.யை நண்பகலில் ஓட்டும்" என்று பில்லில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டிருக்கிறார். அப்படி எழுதித் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்ததாம். நண்பர் வாங்காமல் திரும்பிவிட்டார்.