டிக்லிபூர் ஆமை பேக்கேஜ்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

அந்தமானில் வடக்கே டிக்லிபூர் வரை போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன மே மாதம் போர்ட் பிளேரில் ஒரு டிராவல்ஸ்காரர், நல்ல தமிழ் பேசினார், அதனாலேயே நம்பினோம், "காளிப்பூர் கடற்கரையில ராத்திரி ஆமை முட்டையிடுறதக் கிட்ட நின்னு பார்க்கலாம்ண்ணே, ராஸ் ஸ்மித் தீவுக்குப் படகு, பெர்மிட் எல்லாம் இதிலேயே அடக்கம்" என்று சொல்லி நாலு பேருக்கு 38,000 ரூபாய் அன்றைக்கே வாங்கிக்கொண்டார். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார், வரவே இல்லை.

ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டு வழியில் வண்டிகளை வரிசையாக அனுப்பும் கான்வாய்க்காக ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நிற்கும்போது அவர் அனுப்பிய டிரைவர், தனியாக 500 கொடுத்தால் ஜாரவாக்களைக் காட்டுகிறேன் என்று என் மகள் முன்னாலேயே கேட்டார். அந்தக் காட்டில் வண்டியை நிறுத்துவதும் அவர்களைப் படம் எடுப்பதும் குற்றம். சட்டம் கிடக்கட்டும், அவர்கள் மனிதர்கள் இல்லையா? முடியாது என்றதும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

காளிப்பூரில் பங்குனி ஆமை உட்பட நான்கு வகை ஆமைகள் கரையேறுவது உண்மைதான், ஆனால் கூட்டமாக வருவது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நாங்கள் பார்த்தது, வனத்துறை முட்டைகளைப் புதைத்து வைக்கும் வேலியடைத்த இடத்தை மட்டும்தான். மணலில் குச்சிகள் நட்டிருந்தன, ஒவ்வொன்றிலும் தேதியும் முட்டை எண்ணிக்கையும் பெயின்ட்டில், பாதி அழிந்து. குஞ்சுகள் எல்லாம் எப்போதோ கடலுக்குப் போய்விட்டன. இது அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்புறம் ஏரியல் பே படகுத்துறை. எங்கள் பெயரில் படகும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. பெர்மிட்டை அங்கேயே வனத்துறை அலுவலகத்தில் எடுத்து, படகுக்குக் கையிலிருந்து கொடுத்தோம். அதற்குள் மதியம் ஆகி நீர் ஏறிவிட்டது, ராஸையும் ஸ்மித்தையும் இணைக்கும் மணல்திட்டு இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. வற்று நேரம் பார்த்துக் காலையிலேயே வந்திருந்தால் நடந்தே போயிருக்கலாம் என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் சொன்னார். படகுக்காரர்களும் அந்த ஊர் ஆட்களும் எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். படகு, பெர்மிட் இரண்டையும் அங்கே போய் நீங்களே எடுங்கள்.

அந்த டிராவல்ஸ்காரர் இன்றுவரை போனை எடுக்கவில்லை. ஜிபே ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.