கார்வர் படக்கதை அட்டைகள்: 3-வது அட்டையைத் திருத்திவிட்டு வாசியுங்கள்

அமெரிக்க வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் இளமைக்காலம், 16 அட்டைகளில். ஏ4 அளவு, முன்பக்கம் படம், பின்பக்கம் கதை, மூலையில் ஒரு வளையம். ஈரோட்டுக் கடையில் 280 ரூபாய். நாலாம் வகுப்புக்கு மேல் பொருந்தும்.

ஓவியர் கெட்டிக்காரர். கைக்குழந்தையையும் தாய் மேரியையும் கொள்ளையர் தூக்கிப்போகிறார்கள்; தேடிப்போன ஆள் குழந்தையை மட்டும் கொண்டுவருகிறார், கூலியாக ஒரு குதிரை. 5-வது அட்டையில் குதிரை போகிறது, குழந்தை வருகிறது, அவ்வளவுதான். தாய் திரும்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை. பிறந்த ஆண்டை 'ஏறத்தாழ 1864' என்று போட்டதும் நேர்மை.

கோளாறு எழுத்தில். 3-வது அட்டை மேரியை 'பண்ணையில் வேலை பார்த்தவர்' என்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருசக் கூலி பேசிச் சேரும் பண்ணயத்து ஆள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பிழைப்பும் சுகமில்லை. ஆனால் ஆளையே விலைக்கு வாங்குவது வேறு. பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் 1855-ல் 700 டாலர் கொடுத்து மேரியை வாங்கினார். 'அடிமை' என்று துண்டுத்தாளில் எழுதி அந்த வரிமேல் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 9-வது அட்டை விளங்காது: 'கார்வரின் ஜார்ஜ்' என்று, அவர் உடைமைபோலச் சொல்லிக்கொண்டு நியோஷோ ஊருக்குப் படிக்கப்போன பையனை, இடம்கொடுத்த மரையா வாட்கின்ஸ் 'இனி நீ ஜார்ஜ் கார்வர்' என்று திருத்துகிறார்.

7-வது அட்டையில் கடலைக்காய் கிளையில் தொங்குகிறது! கொடுமுடிப் பிள்ளைகள் சிரிக்கும். பூ மேலே பூத்தாலும், விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். போதாக்குறைக்கு, நோஞ்சானாக இருந்த சிறுவன் வயல்வேலைக்குப் போகாமல் வீட்டுவேலை கற்றதும், அக்கம்பக்கத்தார் செடிகளுக்கு வைத்தியம் பார்த்ததும்தான் அந்த வயதுக் கதை. கடலைக்காய் ஆராய்ச்சி, 1896-ல் டஸ்கீகி கல்விநிலையத்துக்கு ஆசிரியராகப் போன பிறகு. கடைசி அட்டை கடலை வெண்ணெயையும் அவர் கணக்கில் எழுதுகிறது. 1884-லேயே கனடாக்காரர் ஒருவர் கடலையை அரைத்த விழுதுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்த வரியை அடித்துவிடலாம்.

கடிதத்தில் கார்வரைச் சேர்த்துக்கொண்ட ஹைலண்ட் கல்லூரி, நேரில் கறுப்பர் என்று கண்டதும் திருப்பி அனுப்பியதற்கு ஒரே வரி. ஒரு அட்டையே கொடுத்திருக்கலாம்.

துளை விளிம்புக்கு 4 மில்லிமீட்டரில் இருப்பதால் பத்துத் தடவை புரட்டினால் கிழியும். இருபக்கமும் செல்லோடேப் ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் புதுத் துளை போட்டு, பெரிய வளையமாக மாட்டுங்கள். சின்ன வளையத்தில் அட்டை முழுதாகத் திரும்பாது.