கார்பன் ஸ்டீல் பான்: ஒரு வருஷம் மீன் வறுத்துப் பாத்துட்டு எழுதுறேன்

வெள்ளை மீன் வறுக்கிறப்ப தோல் பான்ல ஒட்டிக்கிட்டு சதை தனியா உதிர்ந்து வர்றது இருக்கே, அத பாத்து நொந்து போனவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் பாரிஸ் பக்கத்துல இருக்கேன், சொந்த ஊரு புதுச்சேரி. இங்க மார்க்கெட்ல ஈஸியா கிடைக்கிறது கபியோ, அதாவது காட் மீன். நம்ம வஞ்சிரம் மாதிரி இறுக்கமான சதை கிடையாது, பெரிய பெரிய இதழா இருக்கும், வெந்ததும் கை பட்டாலே பிரிஞ்சிடும். அத தோலு மொறுமொறுன்னு, உள்ள வெள்ளையா ஈரமா, துண்டு உடையாம எடுக்கணும்னா பான் சரியா இருக்கணும்.

முன்னாடி வச்சிருந்தது நான்ஸ்டிக். எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம். முதல் ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் நடுவுல பூச்சு போயி மீன் அங்கயே போய் ஒட்டும். அது போகட்டும், புதுசா இருந்தப்பவே மீனுக்கு நல்ல நிறம் வந்ததில்ல, வெளுத்து வேக வச்ச மாதிரி இருக்கும். நான்ஸ்டிக்க ரொம்ப சூடாக்கவும் கூடாது, 260 டிகிரிய தாண்டினா அந்தப் பூச்சு கெட ஆரம்பிச்சிடும்ங்கறாங்க. வெறும் பான அடுப்புல வச்சுட்டு மறந்தா அந்த சூடு வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பயந்து பயந்து சமைக்கிறதுல என்ன ருசி வரும்?

அதனால போன அக்டோபர்ல லே ஆல் பக்கம் போனேன். பாரிஸோட பழைய மொத்த மார்க்கெட் இருந்த இடம் அது, 1969ல மார்க்கெட்ட ஊருக்கு வெளிய ரான்ஜிஸுக்கு மாத்திட்டாங்க, ஆனா ஹோட்டல்காரங்க பாத்திரம் வாங்குற கடைங்க சிலது இன்னும் அங்கயே இருக்கு. தரையில இருந்து கூரை வரைக்கும் செம்பு, இரும்புன்னு தொங்க விட்டிருப்பாங்க. 26 செ.மீ கார்பன் ஸ்டீல் பான் ஒண்ணு எடுத்தேன். 45 யூரோ ஆச்சு, எடை கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. கார்பன் ஸ்டீல்னா வேற ஒண்ணும் இல்ல, 99 சதவீதம் இரும்புதான், ஒரு சதவீதம் கிட்ட கார்பன். வார்ப்பிரும்பு மாதிரி ஊத்தி வார்க்காம தகட்ட அழுத்தி செய்யிறதால மேல வழவழன்னு இருக்கும், கீழ போட்டா வார்ப்பிரும்பு மாதிரி உடையாது.

கடைக்காரர் கூடவே ஒரு சீட்டு குடுத்தாரு, எப்படி பழக்கணும்னு. அத படிச்சு நான் குழம்பிட்டேன். அப்போ எங்கம்மா ஊர்ல இருந்து மூணு மாசம் வந்து தங்கியிருந்தாங்க, பான கையில தூக்கிப் பாத்தாங்க, விரலால தட்டினாங்க, "இது தோசைக்கல்லு டீ, இதுக்கு எதுக்கு சீட்டு"ன்னாங்க. அவ்ளோதான் விஷயம், உண்மையிலயே அவ்ளோதான். கடையில துரு பிடிக்காம இருக்க பூசியிருந்த மெழுக வெந்நீர் விட்டு தேச்சு எடுத்தாங்க, அடுப்புல வச்சு ஈரம் போக காய வச்சாங்க, அர வெங்காயத்த முள்கரண்டியில குத்தி எண்ணெய்ல தொட்டு தடவு தடவுன்னு தடவினாங்க. மிச்ச எண்ணெய துணியால தொடைச்சுட்டு புகை வர்ற வரைக்கும் காய விட்டாங்க. சாம்பல் நிறமா இருந்த இரும்பு முதல்ல தேன் கலர் ஆச்சு, அப்புறம் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம், அப்புறம் பழுப்பு. இத மூணு தடவ பண்ணாங்க. ஊர்ல நல்லெண்ணெய்ல பண்றத இங்க சூரியகாந்தி எண்ணெய்ல பண்ணாங்க, அது ஒண்ணுதான் வித்தியாசம். எண்ணெய் கொஞ்சமா இருக்கணும், அதுல மட்டும் கவனம். நிறைய ஊத்தினா பிசுபிசுன்னு கோந்து மாதிரி ஆயிடும்.

முதல் ரெண்டு வாரம் மீனே போடல. முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம்னு எண்ணெய் விட்டு வதக்குறதுதான் செஞ்சேன். மூணாவது வாரம் கபியோ வாங்கினேன், நடுமுதுகுத் துண்டு, தோலோட, ஒவ்வொண்ணும் 150 கிராம்.

மீன நான் இப்போ செய்யிற விதம் சொல்றேன், ஏன்னா பான் எவ்ளோ நல்லதா இருந்தாலும் மீன் ஈரமா இருந்தா ஒட்டத்தான் செய்யும். உப்பு தடவி இருபது நிமிஷம் வச்சிடுவேன், தண்ணி விட்டிருக்கும், அத பேப்பர் டவல்ல ஒத்தி ஒத்தி எடுத்துடணும், தோல் பக்கத்த ரெண்டு தடவ. பான மிதமான தீயில நல்லா காய விடணும். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பாப்போம்ல, அதேதான், ஆனா இதுல தண்ணி சுர்ருன்னு காஞ்சு போனா பத்தாது, சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடணும். அந்த முத்து ஓடுச்சுன்னா சூடு சரி. தண்ணிய தொடைச்சுட்டு எண்ணெய் விட்டு, எண்ணெய் நெளிய ஆரம்பிச்சதும் மீன தோல் கீழ இருக்குற மாதிரி வச்சு கரண்டியால இருபது எண்ற வரைக்கும் மெல்ல அழுத்தணும், இல்லன்னா தோல் சுருண்டு நடுவுல மேல தூக்கிக்கும். அப்புறம் கைய கட்டிக்கிட்டு நிக்கணும். இதுதான் கஷ்டம்.

ஒரு நிமிஷத்துல அசைச்சுப் பாத்தா கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்போ ஐயோன்னு கிளறிட்டோம்னா முடிஞ்சுது கதை. அது அப்போ ஒட்டத்தான் செய்யும். நாலு நிமிஷம் அஞ்சு நிமிஷம் போகட்டும், ஓரத்துல இருந்து சதை கண்ணாடி நிறம் போயி பால் வெள்ளையா மேல ஏறிக்கிட்டே வர்றது தெரியும், முக்கால்வாசி ஏறினதும் பான கொஞ்சம் ஆட்டினா மீன் தானா வழுக்கிக்கிட்டு நகரும் பாருங்க, முதல் தடவ அது நகர்ந்தப்ப நான் அடுப்படியில இருந்து அம்மாவ கூப்பிட்டேன், அவங்க வந்து பாத்துட்டு "கல்லு பழகிடுச்சு"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு போயிட்டாங்க. திருப்பினா தோல் அப்பளம் கலர்ல, முழுசா, ஒரு கிழிசல் இல்லாம. மறுபக்கம் ஒரு நிமிஷம் போதும். வெண்ணெய் போடுறதுன்னா இப்போ கடைசியில போடுங்க, முதல்லயே போட்டா அதுல இருக்குற பால் கருகி கசந்துடும்.

இப்போ சாஸ். நான் தியெப் ஊரு பாணியில பண்றேன். நார்மண்டி கடற்கரையில இருக்குற துறைமுகம் அது, பாரிஸ்ல சேன் லசார் ஸ்டேஷன்ல ஏறினா ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும், படகுத்துறைய ஒட்டி வரிசையா சாப்பாட்டுக் கடைங்க. அங்க நாக்கு மீன வெள்ளை வைன்ல வேக வச்சு, மேல மூல் சிப்பியும் இறாவும் போட்ட கிரீம் சாஸ் ஊத்தித் தருவாங்க, சோல் தியெப்வாஸ்னு பேரு. கடலும் பாலும் சேர்ந்தா திகட்டாதான்னு நமக்குத் தோணும், திகட்டாது, ஏன்னா அதுல ருசியே சிப்பி விடுற தண்ணியிலதான். மீன வேக வைக்காம வறுத்து, அதே சாஸோட சாப்பிட்டா எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு, மொறுமொறுப்பும் கிடைக்குது.

நாலு பேருக்கு ஒரு கிலோ மூல். கருப்பு ஓட்டுச் சிப்பி, நல்லா தேச்சுக் கழுவி, தட்டியும் வாய மூடாதத தூக்கிப் போட்டுடணும். ரெண்டு மூணு சின்ன வெங்காயம் பொடியா நறுக்கி வெண்ணெய்ல நிறம் மாறாம வதக்கி, 150 மில்லி வெள்ளை வைன் (இனிப்பு இல்லாதது, முஸ்கதே நல்லாருக்கும்) விட்டு சிப்பிய போட்டு மூடிடுங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் வாய் திறந்திடும், திறக்காதத சாப்பிடாதீங்க. அந்தத் தண்ணிய மெல்லிசு துணியில வடிகட்டணும், மண் இருக்கும். இன்னொரு பக்கம் இறா தலையும் ஓடும் எண்ணெய்ல சிவக்க வறுத்து அந்தத் தண்ணியவே அதுல ஊத்தி பத்து நிமிஷம் கொதிக்க விட்டு வடிச்சா நிறமும் வாசமும் வேற லெவல்ல இருக்கும். தலைய குப்பையில போடுறவங்க பாதி சாஸையே குப்பையில போடுறாங்க. பாதியா சுண்டினதும் 200 மில்லி கிரெம் ஃப்ரெஷ் (லேசா புளிச்ச கெட்டி கிரீம்), 30 சதவீதம் கொழுப்பு இருக்கறதாதான் வாங்கணும், லைட்டுன்னு போட்டு 15 சதவீதத்துல விக்கிறது கொதிச்சா திரிஞ்சு போயிடும். கரண்டி முதுகுல ஒட்டி நிக்கிற பதம் வந்ததும் உரிச்ச இறாவ போட்டு ரெண்டு நிமிஷம், சிப்பி சதைய போட்டு அரை நிமிஷம், அடுப்ப அணைச்சிடலாம். உப்பு போடவே போடாதீங்க, சிப்பித் தண்ணியில கடல் உப்பே இருக்கு. வைன் வேணாம்னா வெறும் தண்ணியில சிப்பிய வேக வச்சு கடைசியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலாம், எங்க வீட்டுக்கு வர்ற சில பேருக்கு அப்படித்தான் செய்றேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு. சாஸ தட்டுல முதல்ல பரப்பிட்டு மீன மேல வைங்க. மேல ஊத்தினீங்கன்னா அஞ்சு நிமிஷம் காத்திருந்து வாங்கின மொறுமொறுப்பு ஒரு செகண்ட்ல போயிடும்.

இங்கதான் இந்தப் பானோட பெரிய குறை வருது. நிறைய ரெசிபில மீன் வறுத்த அதே பான்ல வைன் ஊத்தி சுரண்டி சாஸ் பண்ணுங்கன்னு சொல்வாங்க. நானும் டிசம்பர்ல விருந்தாளிங்க வந்தப்ப அப்படியே பண்ணேன். வைனோட புளிப்பு ரெண்டு மாசமா ஏறியிருந்த கருப்பு எண்ணெய்ப் பூச்ச நடுவுல அப்படியே தின்னுடுச்சு, சாஸ் சாம்பல் கலர்ல, வாயில வச்சா இரும்பு வாடை. கொட்டிட்டு வெறும் மீன் பரிமாறினேன், மனசே சரியில்ல. பான மறுபடியும் வெங்காயம் தடவி பழக்கினதுல சரியாயிடுச்சு, அதுதான் நான்ஸ்டிக்குக்கும் இதுக்கும் வித்தியாசம், போன பூச்ச திரும்ப வர வைக்கலாம். ஆனா வைன், தக்காளி, புளி, எலுமிச்சை எதையும் இதுல கொதிக்க விடாதீங்க. சாஸுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் தனியா வச்சுக்கோங்க.

மத்த குறைங்க. கனம், ஒரு கையில தூக்கி சாய்க்கிறது எனக்கு சிரமம்தான், மணிக்கட்டு வலி இருக்கறவங்க கடையில தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. கைப்பிடியும் இரும்பு, பத்து நிமிஷத்துல சுடும், துணி பக்கத்துலயே வேணும். இண்டக்ஷன்ல எடுத்ததுமே ஃபுல்லா வைக்கக் கூடாது, நடு மட்டும் சட்டுன்னு சூடாகி அடி வளைஞ்சிடும், தெரிஞ்சவங்க வீட்டுல ஒண்ணு அப்படி ஆகி இப்போ எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடுது. நான் பாதியில வச்சு அஞ்சு நிமிஷம் காய விடுறேன், இதுவரைக்கும் தட்டையாத்தான் இருக்கு. சிங்க்ல ஊற வைக்கிறது, டிஷ்வாஷர் ரெண்டும் ஆகாது, ஒரு ராத்திரியில துரு பிடிச்சிடும். வெந்நீர், பிரஷ், அடுப்புல வச்சு காய வைக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய், மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை.

வாங்குறவங்க சைஸ் மட்டும் யோசிச்சு வாங்குங்க. 26 செ.மீல நாலு துண்டு வச்சா நெருக்கமா இருக்கு, நெருங்கினா ஆவி வெளிய போக வழியில்லாம தோல் நமுத்துடுது, அதனால நாங்க ரெண்டு ரெண்டாதான் வறுக்கிறோம். நாலு பேர் வீடுன்னா 28 எடுத்துடுங்க. அம்மா ஊருக்குக் கிளம்பினப்ப 20 செ.மீல ஒண்ணு வாங்கி பெட்டியில புடவைக்கு நடுவுல வச்சு அனுப்பினேன், போன வாரம் போன்ல கேட்டா அதுல சங்கரா வறுக்கிறாங்களாம், தோசைக்கல்லு ஒண்ணு தோசைக்கு மட்டும்னு தனியா ஆயிடுச்சாம்.