ஃபேன் இல்லாத ராஸ்பெரி பை கேஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

உள்ளங்கை அளவுள்ள சிறு கணினிப் போர்டான ராஸ்பெரி பை 4-க்குக் கிடைக்கும் ஃபேன் இல்லாத கேஸ்களில் பெரும்பாலானவை இரண்டே வகைதான். ஒன்று ஃப்ளர்க் (Flirc) நிறுவனத்தின் வகை: நடு உடல் அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் மூடி. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியக் கட்டை ஒரு தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற தாள்) வழியாகப் பிராசசரைத் தொடும். மற்றது 'ஆர்மர்' என்ற பெயரில் பலரும் விற்பது: மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் போர்டு, நான்கு ஸ்க்ரூ.

வாங்குபவர்கள் பார்ப்பது எடையையும் மேலே உள்ள வரிவரியான துடுப்புகளையும். முதலில் பார்க்க வேண்டியது சிப்புக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளியை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று கிட்டத்தட்ட வெப்பத்தைக் கடத்துவதே இல்லை. அரை மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சினாலும் அத்தனை உலோகமும் வீண். பேட் மெலிதாக இருந்தால் தொடாது. அளவுக்கு மீறித் தடித்தால் ஸ்க்ரூவை முறுக்கும்போது போர்டு வளையும். இந்த இடைவெளியைத் தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) போட்டு அடைக்கக் கூடாது. அது மெல்லிய படலமாக மட்டுமே வேலை செய்யும்.

பொருத்தும்போது பேட்டின் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தாளையும் உரிக்க வேண்டும். ஒரு பக்கம் மறந்துபோவதுதான் 'கேஸ் போட்டும் சூடு குறையவில்லை' என்ற புகார்களுக்கு அடிக்கடி காரணம். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள்: பேட்டில் சிப்பின் சதுரத் தடம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். ஆர்மர் வகையில் போர்டின் அடியில் நீட்டி நிற்கும் சால்டர் முனைகள் கீழ்த் தகட்டைத் தொடுகின்றனவா என்பதையும் பாருங்கள். தொட்டால் ஷார்ட் ஆகும்.

சோதனையை ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். கனமான அலுமினியம் சூடேறவே நேரம் எடுக்கும். அதுவரை எந்தக் கேஸும் நன்றாகத்தான் தெரியும். நான்கு கோருக்கும் முழு வேலை கொடுத்து, வெப்பநிலை ஏறுவது நிற்கும்வரை, அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். பை 4 சுமார் 80 டிகிரியில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். வேகம் குறைக்கப்பட்டதா என்று காட்டும் 'கெட் த்ராட்டில்டு' (vcgencmd get_throttled) கட்டளைக்குப் பூஜ்யம் வந்தால் நல்லது. வேறு எண் வந்தால் உடனே கேஸைக் குறை சொல்ல வேண்டாம். மின்னழுத்தம் குறைந்தாலும் அதே கட்டளை அதைக் காட்டும். அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி அறையில் 62 காட்டும் கேஸ், 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 75-ஐத் தொடும்.

வைஃபைதான் உலோகக் கேஸின் பலவீனம். பிளாஸ்டிக் மூடி உள்ள ஃப்ளர்க் வகையில் சிக்னலுக்கு வழி உண்டு. ஆர்மர் தகடுகள் ஆன்டெனாவை மேலும் கீழும் மறைப்பதால் ரவுட்டர் தள்ளி இருந்தால் இணைப்பு தடுமாறலாம். ஈத்தர்நெட் கேபிளில் ஓடும் சர்வருக்கு ஆர்மரையே எடுக்கலாம். கீழ்த் தகடும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், பக்கங்கள் திறந்திருப்பதால் காற்றும் ஓடும். தூசி நுழைவது மட்டும் தொல்லை. வைஃபையை நம்பி வரவேற்பறையில் வைப்பதற்கு ஃப்ளர்க் வகை.

பை 5-க்கு இந்தப் பரிந்துரை அப்படியே பொருந்தாது. ஈத்தர்நெட், யுஎஸ்பி இடம் மாறியதால் பை 4 கேஸ் அதில் உட்காராது. பிராசசரோடு, மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பவர் சிப்பும் சூடாகும். இரண்டுக்கும் பேட் தரும் கேஸையே வாங்குங்கள். நாள் முழுக்க நான்கு கோரும் முழு வேகத்தில் ஓட வேண்டிய வேலை என்றால், பை 5-க்கு ஃபேன் வைத்த கூலரே சரி.